பயண வண்டிக்கு எந்த டிஷ்? படம் வராதபோது அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிப்பது

ஹையேஸ் வானின் பின்பக்கத்தைப் படுக்கையாக்கியவர், பழைய ரோசா பஸ்ஸைச் சின்ன வீடாக மாற்றியவர், பிள்ளைகளோடு நிலாவெளிக்குப் போய் நாலு நாள் தங்கப்போகிறவர் என எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: கூரையில் பூட்டுகிற டிஷ் நல்லதா, கழற்றி வைக்கிற டிஷ் நல்லதா? என் பதில் மாறுவதில்லை. நம் தீவுக்குத் தரையில் நிற்கிற ஒரு முக்காலி, 60 முதல் 75 சென்ரிமீற்றர் வரையான சாதாரண டிஷ், 15 மீற்றர் கேபிள். இது போதும். கொழும்பில் நிற்கிற வெயிலில் வண்டியை எவரும் வெட்டவெளியில் நிறுத்த மாட்டார்கள். நமக்கு நிழல் வேண்டும், டிஷ்ஷுக்குத் திறந்த வானம் வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் எதிர்பார்த்தால் நடக்காது.

ஆனாலும் ஏற்கெனவே கூரையில் பூட்டியவர்கள் இருக்கிறார்கள், வண்டியோடு வந்த அன்டெனாவை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் இதை அறிகுறிப்படி எழுதுகிறேன். உங்கள் பொக்ஸ் (டிஷ்ஷில் வரும் சிக்னலைப் படமாக்கி டிவிக்குக் கொடுக்கும் பெட்டி) என்ன காட்டுகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் திசை பற்றிய அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் வாசியுங்கள். பாதிக் கோளாறு அங்கேதான் தீர்கிறது.

செய்மதி எங்கே நிற்கிறது

நாம் சந்தா கட்டிப் பார்க்கும் டயலொக் டிவி வருவது 45 பாகை கிழக்கு நெடுங்கோட்டில் நிற்கும் இன்டெல்சாட் 38 என்ற செய்மதியிலிருந்து. 2018 செப்டெம்பரில் ஏவப்பட்டது. அசர்பைஜானின் அசர்ஸ்பேஸ் 2 என்பதும் இதே செய்மதிதான். சோமாலியாக் கரைக்கு அருகே, நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் இருப்பதோ ஏறத்தாழ 80 பாகை கிழக்கில். ஆகவே நமக்கு அது மேற்கே.

கொழும்பில் நின்றால் திசைகாட்டியில் 260 பாகை, அதாவது நேர் மேற்கிலிருந்து 10 பாகை தெற்குப் பக்கம். உயரம் 49 பாகை. காலிமுகத் திடலில் நின்று கடலைப் பார்க்கிறீர்களே, கிட்டத்தட்ட அந்தத் திசைதான். தொடுவானத்துக்கும் தலையுச்சிக்கும் சரிபாதியைவிடக் கொஞ்சம் மேலே.

இப்போது முக்கியமான செய்தி. யாழ்ப்பாணத்தில் இதே செய்மதிக்குத் திசை 256, உயரம் 48. மட்டக்களப்பில் 260, உயரம் 47. மாத்தறையில் 262, உயரம் 48. தீவை முழுக்கச் சுற்றினாலும் உயரம் இரண்டு மூன்று பாகைக்கு மேல் மாறுவதில்லை, திசை ஆறு பாகைக்குள் அடங்கிவிடுகிறது. ஐரோப்பாவில் வண்டியோட்டுகிறவர்கள் நாடு விட்டு நாடு போவதால் ஒவ்வொரு தங்குமிடத்திலும் உயரத்தைப் புதிதாகத் தேட வேண்டும். அதற்காகத்தான் அங்கே தானாகத் தேடும் விலையுயர்ந்த அன்டெனாக்களை வாங்குகிறார்கள். நமக்கு அந்தச் செலவு தேவையே இல்லை. வீட்டு முற்றத்தில் ஒரு தடவை சரியாகப் பூட்டி, உயரத்துக்கான போல்ட்டை இறுக்கி, அளவுகோலில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அப்புறம் எங்கே போனாலும் பக்கவாட்டில் திருப்புவது மட்டும்தான் வேலை.

இந்தியத் தூர்தர்ஷனின் இலவசச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷைப் பிடிக்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். அது 93.5 பாகை கிழக்கில் உள்ள ஜிசாட் 15இல் இருக்கிறது. கொழும்பிலிருந்து திசை 116, உயரம் 72. அதாவது கிழக்கும் தென்கிழக்குமான பக்கம், கிட்டத்தட்ட தலைக்கு மேலே. மேற்கே பார்க்கும் டிஷ்ஷில் இன்னொரு எல்.என்.பி.யை (டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டு நின்று அலையை வாங்கும் சின்ன உறுப்பு) சேர்த்து இதையும் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டும் வானத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கின்றன.

ஸ்ட்ரெங்த் ஏறுகிறது, குவாலிட்டி பூச்சியம்

கடற்கரையிலிருந்து வருகிற போன் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்.

"அண்ணா, 85 காட்டுது, படம் வருதில்லை."

"எது 85, தம்பி? மேல் கோடா, கீழ்க் கோடா?"

"மேல் கோடு."

"கீழ்க் கோடு?"

"அது பூச்சியம்."

பொக்ஸின் சிக்னல் திரையில் மேல் கோடு ஸ்ட்ரெங்த். கேபிளில் ஏதோ வருகிறது, எல்.என்.பி.க்கு உயிர் இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். டிஷ்ஷை மதிற்சுவருக்கு நேராகத் திருப்பினாலும் ஓரளவு ஏறித்தான் நிற்கும். கீழ்க் கோடு குவாலிட்டி. சரியான செய்மதியின் சரியான அலையைப் பொக்ஸ் பிடித்துப் பூட்டிக்கொண்டால்தான் அது எழும். ஆகவே ஸ்ட்ரெங்த்தை மறந்துவிடுங்கள். டிஷ் திருப்பும்போது கண் குவாலிட்டியில் மட்டும் இருக்கட்டும்.

இந்த அறிகுறியில் கேபிள், பொக்ஸ், எல்.என்.பி. மூன்றும் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கும். டிஷ் வேறெங்கோ பார்க்கிறது, அவ்வளவுதான். முதலில் உயரத்தைப் பாருங்கள். நாம் வாங்குகிற டிஷ்களில் எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழ்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். இப்படியான டிஷ், தன் முகம் பார்க்கும் திசையைவிட ஏறத்தாழ 25 பாகை மேலே இருந்து அலையை வாங்குகிறது. 49 பாகை உயரத்துக்கு டிஷ்ஷின் முகம் செங்குத்திலிருந்து 24, 25 பாகை மட்டும் பின்னால் சாய்ந்தால் போதும். போனில் உள்ள சாய்வுமானியை டிஷ்ஷின் முகத்தில் வைத்து 49 வரும்வரை சாய்த்தால் அது உண்மையில் 74 பாகை உயரத்தைப் பார்க்கும். அப்படிச் சாய்த்துவிட்டு நாள் முழுக்கத் திருப்பினாலும் எதுவும் கிடைக்காது. பூட்டுகிற இடத்தில் டிஷ் கொம்பனி பொறித்திருக்கும் அளவுகோல் இந்த வித்தியாசத்தைக் கணக்கிட்டே பொறிக்கப்பட்டது. அதில் 49 வைத்தால் சரி. ஆனால் குழாய் நேர்செங்குத்தாக நின்றால்தான் அந்த அளவு உண்மை. முக்காலியில் குழாய் ஐந்து பாகை சரிந்தால் அளவுகோலும் ஐந்து பாகை பொய் சொல்லும். மேசன்மார் பாவிக்கிற ஒரு சின்ன நீர்மட்டம் வண்டியில் எப்போதும் இருக்கட்டும். குழாயில் முன்பக்கம் ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை வைத்துப் பாருங்கள்.

அடுத்தது திசைகாட்டி. வண்டியின் இரும்பு ஊசியை இழுக்கும். போனில் உள்ள திசைகாட்டியும் அப்படித்தான். கதவுக்குப் பக்கத்தில் நின்று 260 பார்த்தால் அது 240 ஆகவும் இருக்கலாம், 280 ஆகவும் இருக்கலாம். ஐந்தாறு மீற்றர் தள்ளிப் போய், தூரத்தில் ஒரு மரத்தையோ கூரையையோ குறித்துக்கொண்டு, பிறகு டிஷ்ஷிடம் வாருங்கள்.

இனித் திருப்புவது. 60 சென்ரிமீற்றர் டிஷ்ஷின் பார்வை ஏறத்தாழ 3 பாகை அகலம். ஒன்றரை அங்குலக் குழாயின் விளிம்பில் ஒரு பாகை என்பது மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்கு. கை தெரியாமல் அசைந்தாலே தாண்டிப் போய்விடும். அதனால் குழாயைப் பிடித்துத் திருப்பாதீர்கள். போல்ட்டைப் பாதி இறுக்கிவிட்டு, டிஷ்ஷின் ஓரத்தைப் பிடியுங்கள். அங்கே ஒரு பாகை என்பது 5 மில்லிமீற்றர், விரலால் உணரலாம். 5 மில்லிமீற்றர் நகர்த்துங்கள், கையை எடுங்கள், மூன்று வினாடி பொறுங்கள். பொக்ஸுக்கு அலையைப் பூட்டிக்கொள்ள அவ்வளவு நேரம் வேண்டும். நிறுத்தாமல் திருப்புகிறவர் செய்மதியைக் கடந்து போனதே தெரியாமல் திருப்பிக்கொண்டிருப்பார். 240இலிருந்து 280 வரை போயும் கிடைக்கவில்லையா, உயரத்தை இரண்டு பாகை கூட்டி மறுபடி ஒரு சுற்று, பிறகு இரண்டு பாகை குறைத்து ஒரு சுற்று.

குவாலிட்டி எழுந்ததும் நிறுத்திவிடாதீர்கள். வலப்பக்கம் எங்கே விழுகிறது, இடப்பக்கம் எங்கே விழுகிறது என்று பார்த்து, நடுவில் கொண்டுவந்து இறுக்குங்கள். ஓரத்தில் பிடித்த சிக்னல் முதல் காற்றிலேயே போய்விடும்.

எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் மேற்கே மரம் இருக்கிறது. கடற்கரைச் சவுக்கின் ஊசியிலை பார்வைக்கு மெல்லியதாகத்தான் தெரியும். ஆனாலும் அலையைக் குடித்துவிடும், ஈரமாக இருந்தால் இன்னும் மோசம். 10 மீற்றர் உயர மரம் என்றால், டிஷ் அதற்குக் கிழக்கே குறைந்தது 9 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். 15 மீற்றர் கேபிள் கேட்டதன் காரணம் இதுதான். கூரையில் பூட்டியவர் இந்த இடத்தில் செய்யக்கூடியது ஒன்றுதான், வண்டியை எடுத்து வெயிலில் நிறுத்துவது.

சில சனல் வருகிறது, சில சனல் வரவே இல்லை

பொக்ஸ் கேபிள் வழியாகவே எல்.என்.பி.க்குக் கட்டளை அனுப்புகிறது. 13 வோல்ற் கொடுத்தால் செங்குத்து அலைகள், 18 வோல்ற் கொடுத்தால் கிடை அலைகள். அதோடு 22 கிலோஹேர்ட்ஸ் தொனி ஒன்றைச் சேர்த்தால் 11.7 கிகாஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவரிசைகள், சேர்க்காவிட்டால் அதற்குக் கீழே. ஒரு பகுதிச் சனல்கள் மட்டும் காணாமல் போனால் இந்தக் கட்டளைகளில் ஒன்று போய்ச் சேரவில்லை, அல்லது எல்.என்.பி. தவறான கோணத்தில் திரும்பி நிற்கிறது.

எப்போதிலிருந்து காணவில்லை என்று உங்களையே கேளுங்கள்.

பூட்டிய நேரம் முதலே இல்லை என்றால் எல்.என்.பி.யின் கோணம். வெளிநாட்டு வழிகாட்டிகளை நம்பி எல்.என்.பி.யைச் சற்றே சாய்த்துவிட்டு விடுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். இங்கிலாந்தில் சில பாகை திருப்பினால் போதும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், செய்மதியோ மேற்கே வெகுதூரம் விலகி நிற்கிறது. அதனால் இன்டெல்சாட் 38க்குக் கொழும்பில் ஏறத்தாழ 78 பாகை திருப்ப வேண்டும்; டிஷ்ஷின் பின்னால் நின்று செய்மதியைப் பார்த்தபடி, மணிக்கூட்டு முள் போகும் பக்கமாக. யாழ்ப்பாணத்தில் 73, மாத்தறையில் 80. கிட்டத்தட்டக் கால் சுற்று. திருப்பாமல் நேராக விட்டால் கிடை அலையின் இடத்தில் செங்குத்து அலையும், செங்குத்தின் இடத்தில் கிடையும் வந்து நிற்கும். எல்.என்.பி.யின் கழுத்தில் உள்ள பிடியைத் தளர்த்தி, குவாலிட்டியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் திருப்புங்கள். சரியான இடம் கிடைத்ததும் பிடியிலும் கழுத்திலும் சேர்த்து ஒரே கோடாக மாக்கரால் கீறிவிடுங்கள். இதுவும் தீவு முழுவதற்கும் போதும்.

மாலையில் எல்லாம் வந்தது, இரவில் சில சனல் போய்விட்டது என்றால் அது பற்றரி. பற்றரி இறங்க இறங்க, பொக்ஸ் முதலில் தடுமாறுவது 18 வோல்ற் உண்டாக்குவதில்தான். 13 கொடுத்துவிடும், 18 கொடுக்க முடியாது. ஒரு சனலில் நாடகம் ஓடிக்கொண்டிருக்கும், பக்கத்துச் சனலுக்கு மாற்றினால் சிக்னல் இல்லை என்று வரும். சோதிப்பது சுலபம். என்ஜினை ஸ்டார்ட் பண்ணுங்கள். சனல்கள் திரும்பி வந்தால் காரணம் தெரிந்துவிட்டது. பற்றரி பலமாக இருந்தும் இப்படி நடந்தால், சிகரெட் லைட்டர் சொக்கட்டுக்கு வருகிற வயர் மெல்லியதாக இருக்கலாம். பொக்ஸுக்குத் தனி வயர், தனி பியூஸ் போட்டு, பற்றரியிலிருந்து நேரே இழுங்கள். 24 அங்குல எல்.ஈ.டி. டிவி, பொக்ஸ், எல்.என்.பி. மூன்றும் சேர்ந்து 40, 50 வொட் இழுக்கும். என்ஜினை ஸ்டார்ட் பண்ணும் பற்றரியிலேயே இதையும் ஓட்டிவிட்டு விடிய வண்டியைத் தள்ள வேண்டாம். இரண்டாவது பற்றரி ஒன்று வைப்பது நல்லது.

நன்றாக ஓடியது, திடீரென்று கட்டம் கட்டமாக உடைகிறது

மழை இல்லை, பற்றரி சரி, ஆனாலும் உடைகிறது. டிஷ் அசைகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கூரையில் பூட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். ஹையேஸ் ஸ்பிரிங்கின் மேல் நிற்கிறது. உள்ளே ஒருவர் எழுந்து நடந்தால் வண்டி ஒரு பாகை சரியும். 60 சென்ரிமீற்றர் டிஷ் நடுவில் சரியாகப் பிடித்திருந்தால் இதைத் தாங்கும். ஓரத்தில் பிடித்திருந்தால் படுக்கையில் ஒருவர் திரும்பிப் படுத்தாலே படம் போகும். 90 சென்ரிமீற்றர் டிஷ்ஷின் பார்வை 2 பாகைதான், அதைக் கூரையில் வைப்பதை நான் சிபாரிசு செய்வதே இல்லை. வண்டியின் நாலு மூலைக்கும் ஜாக் கொடுத்தால் ஓரளவு அடங்கும்.

முக்காலிக்காரர்களுக்கு மணல்தான் எதிரி. பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் காலையில் பூட்டிய முக்காலியின் ஒரு கால் மாலையில் இரண்டு விரற்கடை இறங்கியிருக்கும். ஒவ்வொரு காலுக்கும் கீழே கையகலப் பலகைத் துண்டு ஒன்று வையுங்கள். முக்காலியின் நடுவில் 5 லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் காற்றுக்கும் நிற்கும்.

இன்னொரு காரணம் சூரியன். மார்ச் நடுப்பகுதியிலும் செப்டெம்பர் கடைசியிலும் சில நாட்களுக்கு, பிற்பகல் 3 மணிக்குச் சற்று முன்பின்னாக, சூரியன் இந்தச் செய்மதிக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். சூரியனின் இரைச்சலில் சிக்னல் மூழ்கிச் சில நிமிடம் படம் போகும். எதையும் தொடாதீர்கள், தானாக வரும். தெரியாமல் டிஷ்ஷைத் திருப்பிவிட்டால்தான் வேலை கூடும்.

அந்த நாட்களில் பயணத்தில் இருந்தால் அதையே பயன்படுத்திக்கொள்ளலாம். பிற்பகல் 3 மணிக்கு எந்த இடத்தில் வெயில் விழுகிறதோ அந்த இடத்திலிருந்து செய்மதி தெரியும். நிழல் விழும் இடத்தில் டிஷ் வைத்துப் பயனில்லை. மரம், மதில், பக்கத்து ஹோட்டலின் மாடி என எல்லாத் தடையையும் சூரியனே நிலத்தில் வரைந்து காட்டிவிடும்.

மழை வந்தால் படம் போகிறது

நம் பொக்ஸ்களுக்கு வரும் அலையின் நீளம் இரண்டரை சென்ரிமீற்றர் அளவு. பெருமழைத் துளிகள் இதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். இதற்கு முழு மருந்து கிடையாது, குறைக்கத்தான் முடியும். 60இலிருந்து 75 சென்ரிமீற்றருக்குப் போனால் டிஷ்ஷின் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது. சாதாரண மழையைத் தாங்க இது உதவும். வானம் பிளந்து கொட்டுகிற மழைக்கு 90 வைத்தாலும் போகத்தான் செய்யும். பயண வண்டிக்கு 75க்கு மேல் போக வேண்டாம் என்பதே என் கருத்து. தூக்கிச் செல்வதும் காற்றில் நிறுத்துவதும் சிரமம்.

கொழும்பில் ஒரு விசேஷம் உண்டு. டிஷ் கடலைப் பார்க்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை மழை வருவதும் கடல் பக்கமிருந்துதான். செய்மதியிலிருந்து வரும் அலை 49 பாகையில் சரிந்து இறங்குவதால், மேற்கே நாலு கிலோமீற்றர் வரையான மழைக்குள்ளும் புகுந்துதான் வருகிறது. அதனால் வெள்ளவத்தையில் முதல் துளி விழுவதற்கு முன்பே படம் உடையத் தொடங்கும். டிஷ் பழுதாகிவிட்டது என்று கிளம்பிப் போய்த் திருப்பாதீர்கள், காயப்போட்ட துணியை எடுத்து உள்ளே போடுங்கள்.

ஆனால் கவனிக்க வேண்டியது மழை விட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதை. மழை விட்டுச் சில நிமிடத்தில் படம் திரும்பினால் அது வெறும் மழைத் தடை. அடுத்த நாள் வெயில் ஏறும்வரை திரும்பவில்லை, அல்லது ஒவ்வொரு மழைக்கும் நிலைமை மோசமாகிறது என்றால் கனெக்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. எல்.என்.பி.யில் மாட்டியிருக்கும் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நடுச் செப்புக் கம்பி நல்ல நிலையில் மினுமினுக்கும். நீர் புகுந்தால் கறுத்து, அடியில் பச்சைப் பொடி பூத்திருக்கும். சுற்றியுள்ள பின்னல் கம்பி நகத்தால் கீறினாலே உதிரும். கடற்கரைக்குப் போய்வரும் வண்டிகளில் இது சீக்கிரமே வந்துவிடுகிறது, உப்புக்காற்று ஒன்றையும் விட்டுவைப்பதில்லை. பழுதான பகுதியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கனெக்டர் போடுங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எந்த எலெக்ட்ரொனிக் கடையிலும் கிடைக்கும். முறுக்கிப் போடுவதைவிட நசுக்கிப் பொருத்துவதை வாங்குங்கள். அதன்மேல் இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றுங்கள். சாதாரணக் கறுப்பு டேப் வெயிலில் இளகிக் கழன்றுவிடும். கேபிள் எல்.என்.பி.யிலிருந்து நேரே வண்டிக்குள் போகாமல், கீழே ஒரு தொங்கல் விட்டு மேலேறிப் போகட்டும். தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும்.

மழைக்குப் பயந்து டிஷ்ஷின் மேல் தார்ப்பாயைக் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நனைந்த தார்ப்பாய் மழையைவிட அதிகமாக அலையைத் தடுக்கும்.

கூரைக் குமிழ் சுற்றிக்கொண்டே இருக்கிறது, நிற்பதில்லை

வெளிநாட்டு வண்டியோடு வந்த தானியங்கி அன்டெனா இது. ஐரோப்பாவுக்காகச் செய்தவை 28.2, 19.2, 13 பாகை கிழக்கில் நிற்கும் அஸ்ட்ரா, ஹொட்பேர்ட் செய்மதிகளையே தேடும். அவற்றின் ஒளிக்கற்றை ஐரோப்பாவை நோக்கியது, இங்கே விழாது. குமிழ் பழுதில்லை, தேடுவது இங்கே இல்லை. செய்மதிப் பட்டியலைப் புதுப்பித்து 45 பாகையைச் சேர்க்க முடிகிற மொடலா என்று பார்த்து, இல்லை என்றால் அதில் காசு செலவழிக்காதீர்கள்.

ஜப்பான் வண்டியோடு வந்த டிஷ் என்றால் கதை வேறு. ஜப்பானின் பி.எஸ். என்ற செய்மதி ஒளிபரப்பு 110 பாகை கிழக்கிலிருந்து, வட்டமாகச் சுழலும் அலையாக வருகிறது. அந்த எல்.என்.பி.யின் உள் அலைவு (வரும் அலையைக் கேபிளுக்கு ஏற்றபடி குறைக்க அது பாவிப்பது) 10.678 கிகாஹேர்ட்ஸ், அதற்குத் தேவை 15 வோல்ற். நமக்கு வேண்டியதோ 9.75, 10.6 இரண்டும் உள்ள யூனிவர்சல் எல்.என்.பி. டிஷ்ஷின் தட்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது பெரும்பாலும் 45 சென்ரிமீற்றர்தான் என்பதால் மழைக்குத் தாங்காது. எல்.என்.பி.யை மாற்றியே ஆகவேண்டும். அதே வண்டியில் உள்ள டிவி 100 வோல்ற்றில் ஓடுவதா என்று பின்பக்க லேபிளைப் பாருங்கள். அப்படியானால் வீட்டு 230 வோல்ற்றில் நேரே செருகிவிட வேண்டாம்.

பொக்ஸ் திரும்பத் திரும்ப ஓஃப் ஆகிறது, அல்லது எரிந்த வாசம்

உடனே வயரைக் கழற்றுங்கள். வண்டி எத்தனை வோல்ற்? ஹையேஸ் 12. ரோசா, கோஸ்டர் பஸ்கள் 24. பொக்ஸ்கள் பெரும்பாலும் 12க்குச் செய்தவை. 24இல் நேரே கொடுத்தால் போய்விடும். 24ஐ 12 ஆக்கும் கன்வேட்டர் ஒன்று நடுவில் வேண்டும், பற்றரி இரண்டில் ஒன்றிலிருந்து மட்டும் 12 எடுப்பது கூடாது. அப்படி எடுத்தால் இரண்டு பற்றரியும் சமமாகச் சார்ஜ் ஆகாமல் ஒன்று சீக்கிரம் செத்துப்போகும்.

வோல்ற் சரியாக இருந்தும் ஓஃப் ஆகிறதா? எல்.என்.பி. கேபிளைப் பொக்ஸிலிருந்து கழற்றிவிட்டு ஓன் பண்ணுங்கள். இப்போது அமைதியாக ஓடினால் கேபிளில் ஷோர்ட். கனெக்டருக்குள் பின்னல் கம்பியின் ஒரு மெல்லிய இழை நடுக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும். அல்லது வண்டிக் கதவு கேபிளைக் கடித்திருக்கும். கதவிடுக்கால் கேபிளைக் கொண்டுபோகிறவர்கள் அடிக்கடி இதைப் பார்ப்பார்கள். பக்கச் சுவரில் ரப்பர் மூடியுள்ள ஒரு சொக்கட் பூட்டிக்கொள்வது நல்லது.

கார்ட் அல்லது சந்தா பற்றிய செய்தி திரையில்

டிஷ்ஷைத் தொடாதீர்கள். இந்தச் செய்தி வருவதே சிக்னல் சரி என்பதற்குச் சாட்சி. பயணம் இல்லாமல் பல வாரம் ஓஃப்பில் கிடந்த பொக்ஸுக்கு அனுமதி புதுப்பிக்கப்பட நேரம் எடுக்கும். காசு கட்டியிருந்தால் ஒரு சனலில் வைத்து அரை மணி நேரம் ஓன் பண்ணி விடுங்கள்.

இடி மின்னலுக்குப் பிறகு எதுவும் இல்லை

ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி மின்னல் வரும். திறந்த வெளியில் இரும்புக் குழாயின் மேல் நிற்கும் டிஷ், சுற்றிலும் உயர்ந்தது அதுவாக இருந்தால் ஆபத்து. இடி தூரத்தில் கேட்கத் தொடங்கியதுமே பொக்ஸிலிருந்து கேபிளைக் கழற்றி வண்டிக்கு வெளியே போடுங்கள். தலைக்கு மேலே இடிக்கும்போது வெளியே போய் டிஷ்ஷைத் தொடாதீர்கள், படம் போனால் போகட்டும்.

கழற்ற மறந்து, அப்புறம் எதுவும் வரவில்லை என்றால், போனது எல்.என்.பி.யா பொக்ஸா என்று பிரித்துப் பாருங்கள். ஸ்ட்ரெங்த் கூடப் பூச்சியம் என்றால் முதலில் எல்.என்.பி.யைச் சந்தேகியுங்கள். விலை குறைந்தது அதுதான். புதிது ஒன்றை மாற்றிப் பாருங்கள். அப்போதும் பூச்சியம்தான் என்றால், மல்டிமீற்றரைக் கேபிளின் எல்.என்.பி. முனையில் வைத்து 13 அல்லது 18 வோல்ற் வருகிறதா என்று அளவுங்கள். அங்கே இல்லையா, பொக்ஸின் சொக்கட்டிலேயே அளவுங்கள். அங்கே இருந்தால் கேபிள் போய்விட்டது. அங்கேயும் இல்லை என்றால் பொக்ஸின் ட்யூனர் பக்கம் போய்விட்டது, பொக்ஸைத்தான் மாற்ற வேண்டும்.